கசிவை எழுதும் ஏடு எவர் மொழியில்?

ஒரு மக்களினம் தன் நிலத்துக்கு நேர்ந்த புண்ணைத் தன் மொழியில் படித்தறிய இயலாத நிலையில் வாழுமாயின், அந்நிலம் அவ்வினத்துக்கு உரியது என்பது வெறும் பேச்சே. உரிமைத்தாள் அவர்கள் பெயரில் இருக்கலாம். வரி அவர்கள் கையிலிருந்தே போகலாம். உழுவதும் விதைப்பதும் அவர்களே ஆகலாம். ஆயினும், அந்நிலத்தின் அடியில் புதைக்கப்பட்டது என்ன, அது கசிந்தது எப்போது, கசிந்த அளவு எவ்வளவு, எவர் கிணற்றை நோக்கி அது சென்றது என்பவற்றை எழுதிய ஏடு வேற்றுமொழியில், வேற்றிடத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்குமானால், அவர்கள் அந்நிலத்திற் குடியிருப்போரேயன்றி அதனை உடையோர் ஆகார்.

தனித்தமிழ் இயக்கம் என்றால் கட்டுரையிலிருந்து நான்கு வடசொற்களை நீக்கி நான்கு தென்சொற்களை வைப்பதே என்று எண்ணுவார் இன்றும் உளர். தண்ணீருக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்பர். திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் முன்வைத்து அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

சாலைக்கு அடியில்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்குவார்க்கு நாற்புறமும் சாலைகள் பிரிந்தோடுவது தெரியும். தெற்கே மதுரைக்கு ஒன்று. வடக்கே கரூருக்கு ஒன்று. வடகிழக்கே திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று. கிழக்கே நத்தத்துக்கும், மேற்கே பழனிக்கும், தென்மேற்கே வத்தலக்குண்டுக்கும் ஒவ்வொன்று. இச்சாலைகளின் இருமருங்கிலும், பெட்ரோல் என்று மக்கள் வழங்கும் கன்னெய்யும் டீசலும் விற்கும் நிரப்பகங்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. இந்தியா முழுமைக்கும் எண்ணினால் இத்தகைய நிரப்பகங்கள் 90,000-க்கு மேற்பட்டவை.

சாலையிற் செல்வார் காண்பது மேற்கூரையும் விளக்கும் எண்ணெய் வழங்கும் பொறியுமே. காணாதது அடியில் இருக்கின்றது. ஒவ்வொரு நிரப்பகத்தின் தரைக்கடியிலும் ஆயிரக்கணக்கான இலிட்டர் எண்ணெய் கொள்ளும் தொட்டிகள் புதைந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து பொறிகளுக்குக் குழாய்கள் செல்கின்றன. இரும்பு துருப்பிடிக்கும்; இணைப்புகள் தளரும்; ஊர்தியிலிருந்து தொட்டிக்கு இறக்கும்போது சிந்தும். இவை எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்வன அல்ல. பொருள்களின் இயல்பால் நிகழ்வன. திண்டுக்கல்லில் இன்ன நிரப்பகம் கசிகின்றது என்று எவர்மீதும் பழி கூறுவது நம் நோக்கமன்று. கசிந்தால் நமக்கு எவ்வாறு தெரியும் என்பதே நம் கேள்வி.

நிரப்பகத்தில் நாள்தோறும் காலையில் ஒரு வேலை நடைபெறும். நீண்ட அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு, எண்ணெய் நனைத்த உயரத்தைப் பார்த்து, அட்டவணையின் துணையால் அதனை இலிட்டராக மாற்றி ஏட்டில் எழுதுவர். கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவர்; தொட்டியின் அடியில் நீர் இருந்தால் பசை நிறம் மாறும். முந்தைய நாள் இருப்பு, புதிதாக இறங்கியது, விற்றது ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்து, இருக்க வேண்டிய அளவையும் இருக்கும் அளவையும் ஒப்பிடுவர். இன்று பல நிரப்பகங்களில் இவ்வேலையைத் தானியங்கிக் கருவிகள் செய்கின்றன. இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் உள்ள வேறுபாடே கசிவின் முதற் சான்று. வெளியிலிருந்து நீர் உள்ளே வந்திருந்தால் அஃது இரண்டாம் சான்று. நீர் உள்ளே வரத்தக்க ஓட்டை, எண்ணெய் வெளியே போகவும் வழிவிடுமன்றோ!

ஒரு சொட்டின் கணக்கு

நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு தொட்டி கசிவதாகக் கொள்வோம். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி இலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4.3 இலிட்டர், ஓராண்டுக்கு 1,570 இலிட்டருக்கு மேல். ஒரு நாளின் கணக்கில் இந்த 4.3 இலிட்டர் கண்ணிற் படாது. ஏனெனில், கன்னெய் ஒரு பாகை வெப்பம் கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். 20,000 இலிட்டர் கன்னெய்யின் வெப்பம் ஐந்து பாகை மாறினாலே கணக்கு ஏறத்தாழ 100 இலிட்டர் கூடும் அல்லது குறையும். வெயிலில் வந்த தொட்டியுந்து இறக்கும் எண்ணெய் தரைக்கடியில் குளிரும்போது அளவு குறைவதும் இயற்கையே. இத்தகைய ஏற்ற இறக்கத்துக்குள் நான்கு இலிட்டர் எளிதில் மறைந்துவிடும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெப்பத்தால் வரும் பிழை ஒரு நாள் கூட்டும், மறுநாள் குறைக்கும். கசிவோ எந்நாளும் குறைக்கவே செய்யும். ஒரு நாள் ஏடு மறைப்பதை ஒரு திங்களின் ஏடு சொல்லிவிடும். ஒரு திங்கள் ஐயத்துடன் சொல்வதை ஓராண்டின் ஏடு உறுதியாகச் சொல்லிவிடும். எனவே, கசிவைக் கண்டுபிடிக்கும் முதற் கருவி ஏடேயாகும். தொடர்ந்து எழுதப்பட்டு, சேர்த்து வைக்கப்பட்டு, பலர் கண்ணாற் படிக்கப்படும் ஏடு. படிப்பார் இல்லாத ஏடு உறங்கும் காவலனை ஒக்கும்.

கசிந்த எண்ணெய் என் செய்யும் என்பதையும் அறிதல் வேண்டும். கன்னெய் நீரினும் இலேசானது. மண்ணின் வழியே இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் என்னும் பொருள் நீரிற் கரைந்து நீரோடு நகரும். பென்சீன் மாந்தர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்பது ஐயமற நிறுவப்பட்டது. குடிநீரில் ஒரு இலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது. 2020 முதல் இந்தியாவில் விற்கப்படும் கன்னெய்யில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குவரை இருக்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு இலிட்டர் கன்னெய்யில் உள்ள பென்சீன் முழுதும் கரையுமாயின், எட்டே முக்கால் இலக்கம் இலிட்டர் நீரை அந்த எல்லையளவுக்குக் கொண்டு செல்லப் போதும். ஓராண்டில் 1,570 இலிட்டர் என்பது எத்துணைக் கிணறுகளுக்கு நஞ்சு என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

இப்போது கன்னெய்யில் எத்தனால் என்னும் எரிசாராயம் நூற்றுக்கு இருபது பங்குவரை கலக்கப்படுகின்றது. இத்தகைய கலவை மண்ணிற் கசிந்தால், நச்சைச் சிதைக்க வல்ல நுண்ணுயிர்கள் முதலில் எரிசாராயத்தை உண்டு, மண்ணிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். பென்சீன் சிதையாமல் நெடுந்தொலைவு செல்லும். கலவை மாறினால் காவலும் மிகுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

முன்பே இழந்த நிலம்

திண்டுக்கல் சமவெளி கடும்பாறை நிலம். இங்கு ஆற்றுமணல் நிலங்களிற் போல நீர் பரந்து கிடப்பதில்லை. பாறை சிதைந்த மேலடுக்கிலும், அதன்கீழ்ப் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தேங்கி நிற்கும். வெடிப்பு எத்திசையிற் போகின்றது என்பதை மேலிருந்து எவரும் சொல்ல முடியாது. நூறு முழத்தில் உள்ள கிணறு தப்பலாம். அதற்கப்பால் உள்ள கிணறு கெடலாம். மழையும் மிகுதியாகப் பெய்யாத நாடு இது. கெட்ட நீரைக் கழுவிக் கொண்டுபோக ஆறும் இல்லை. குடகனாற்றில் நீரோடும் நாள்கள் எத்தனை என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர்.

இந்நிலம் தன் நிலத்தடி நீரை ஒருமுறை ஏற்கெனவே இழந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பல்லாண்டுகள் இம்மண்ணில் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகசுட்டு 28-இல் உச்ச முறைமன்றம் அளித்த தீர்ப்பில் திண்டுக்கல்லின் கதை எழுதப்பட்டுள்ளது. திண்டுக்கல், இரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்று அத்தீர்ப்பு எடுத்துரைக்கின்றது. நான்கில் மூன்று கிணறு! பெண்டிரும் பிள்ளைகளும் குடிநீருக்குக் கல் தொலைவுகள் நடக்க நேர்ந்தது என்றும் அது கூறுகின்றது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டம் விதிக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்க என்னும் நெறி இந்நாட்டின் சட்டமாக உறுதிபெற்றதும் அத்தீர்ப்பாலேயே.

இதில் நாம் கருத வேண்டிய ஒன்றுண்டு. அந்த 467 கிணறுகளையும் எண்ணிக் கணக்கெடுத்தது அரசன்று. தனி அமைப்பு ஒன்று. ஊர் ஊராகச் சென்று, கிணறு கிணறாகப் பார்த்து எழுதிய ஏடு, நாட்டின் தலைமை மன்றத்தில் சான்றாக நின்றது. எண்ணி எழுதியோர் இல்லையேல் 350 கிணறுகளும் ஊமையாகவே செத்திருக்கும்.

நம் மாவட்டத்தின் மலைப்பகுதியில் நிகழ்ந்ததும் இதனையே உணர்த்தும். பாதரசம் என்று வழங்கும் இதள் கலந்த கண்ணாடிக் கழிவு, கொடைக்கானலில் பழம்பொருட் கிடங்கு ஒன்றிற் கொட்டப்பட்டுக் கிடந்ததை 2001 மார்ச்சில் வெளிப்படுத்தியவர் மக்களே. அஃது இந்துத்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொழிற்சாலை அவ்வாண்டே மூடப்பட்டது. நிறுவனத்தின் ஏட்டில் எழுதாதது ஊராரின் கண்ணிற் பட்டது. கண்ணிற் படும் கழிவுக்கே இந்நிலை என்றால், தரைக்கடியில் கண்ணிற் படாமல் நகரும் எண்ணெய்க்கு எந்நிலை?

தண்டையார்பேட்டையும் சுன்னாகமும்

எண்ணெய்க் கசிவு தமிழர் நிலத்துக்குப் புதிதன்று. 2013-ஆம் ஆண்டில் வடசென்னைத் தண்டையார்பேட்டையில், பாரத் பெட்ரோலிய நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய், மக்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கலந்து வந்தது. 2017 சூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய், இயற்கைவளிக் கழகத்தின் குழாய் வயல்வெளியிற் கசிந்தபோது, கேள்வி கேட்ட மக்கள்மீதே காவல்துறை பாய்ந்தது. தண்டையார்பேட்டையில் கசிவை முதலில் அறிந்தவர் நீர் இறைத்த இல்லத்தார். கதிராமங்கலத்தில் வயலுக்குச் சென்ற உழவர்.

கடல் கடந்த ஈழத்தில் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின்னிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறை நிலம். மக்களுக்குக் கிணறே உயிர். அங்கு இருவேறு ஏடுகள் எழுதப்பட்டன. நீர்வழங்கல் வாரியம் கிணறுகளை ஆய்ந்து, மிகப் பலவற்றில் எண்ணெய் அளவுக்கு மீறி இருப்பதாக எழுதியது. வடமாகாண அவை அமர்த்திய வல்லுநர் குழுவோ அஞ்சத்தக்க எண்ணெய் மாசு இல்லை என்று எழுதியது. அம்மாகாண அவை தமிழர் கையில் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. ஆள்பவர் நம்மவர் என்பதனால் மட்டும் ஏடு உண்மை பேசிவிடாது. அது திறந்து கிடந்து, பலரால் ஆராயப்பட்டால்தான் உண்மை பேசும்.

வழக்கிட்டவர் இரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சூழல் ஆர்வலர், தமிழரல்லர். 2019 ஏப்பிரல் 4-இல் இலங்கை உச்ச முறைமன்றம், மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் கிணறு கெட்டோர்க்கு 2 கோடி உருபா இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்க என்னும் நெறி அங்கும் நிலைபெற்றது. திண்டுக்கல்லின் 350 கிணறுகளும் சுன்னாகத்தின் கிணறுகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: கிணற்றுநீரை ஆய்ந்து எழுதிய ஏடு கையில் இருந்தால்தான் கிணற்றுக்குடையவன் வெல்வான்.

வட அமெரிக்காவைப் பாருங்கள். நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளுக்கென்றே 1984-இல் அங்குச் சட்டம் இயற்றினர். அன்றுதொட்டு 5,00,000-க்கு மேற்பட்ட கசிவுகள் கண்டறிந்து பதியப்பட்டுள்ளன. இவ்வளவு கசிவா என்று மலைப்பது வேண்டா. தேடினார்கள், ஆகவே கண்டார்கள். 1996-இல் கலிப்போர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம், கன்னெய்யிற் கலந்த ஒரு வேதிப்பொருள் தன் குடிநீர்க் கிணறுகளில் இறங்கியதை அறிந்து, நகர நீரில் ஏறத்தாழப் பாதியைத் தந்த கிணறுகளை மூடியது. இன்று அம்மாநிலத்தில் எந்தத் தெருவில் எந்தத் தொட்டி கசிந்தது, துப்புரவு எந்நிலையில் உள்ளது என்பதை எந்தக் குடிமகனும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதுவும் தன் மொழியிற் பார்க்கலாம். ஆங்கிலேயனுக்கு ஆங்கிலத்தில் ஏடு இருப்பதில் நமக்கு அழுக்காறு இல்லை. தமிழனுக்குத் தமிழில் ஏன் இல்லை என்பதே நம் வினா.

இந்தி வரவில்லை, தமிழும் வரவில்லை

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பெட்ரோலியச் சட்டம் 1934-இல் வந்தது. இன்று 2002-ஆம் ஆண்டின் விதிகள் அதன்கீழ் உள்ளன. தொட்டி புதைக்க உரிமம் தரும் நடுவணரசு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் இருக்கின்றது. தடையின்மைச் சான்று தருபவர் மாவட்ட ஆட்சியர். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், நேர்ச்சியால் நஞ்சு நீரிற் கலந்தால் பொறுப்பாளர் உடனே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்று தன் 31-ஆம் பிரிவிற் கூறுகின்றது. நீரோட்டம் என்பதில் நிலத்தடி நீரும் அடங்கும் என்று அச்சட்டமே பொருள் வரைந்துள்ளது. 2020 சனவரியில் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதிய நிரப்பகங்கள் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 50 மீட்டர் விலகியிருக்க வேண்டும். இயலாவிடத்தும் 30 மீட்டருக்குக் குறையலாகாது என்று வரையறுத்தது.

இவற்றை எல்லாம் எந்த மொழியிற் படிப்பது? நடுவணரசின் விதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவருகின்றன. நிரப்பகங்களின் படிவங்களும் ஏடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 50 மீட்டர் என்னும் எல்லை தன் வீட்டுக்குப் பொருந்துமா என்று அளந்து பார்க்க வேண்டிய குடியானவன், அவ்வெல்லை ஒன்று உண்டு என்பதையே அறியான்.

1976-ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று தொடங்குகின்றன. அவ்விலக்கு எளிதில் வந்ததன்று. 1965-இல் இம்மண்ணில் தீக்குளித்தோரும் குண்டடிபட்டோரும் கொடுத்த உயிரின் விளைவு அது. இந்தியைத் தடுத்தோம், நன்று. தடுத்த இடத்திற் தமிழை வைத்தோமா? இல்லை. வெற்றிடத்தில் ஆங்கிலம் அமர்ந்துகொண்டது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்தும், நடுவணரசின் அலுவலகங்கள் அதற்கு அப்பால் நிற்கின்றன. கதவைக் காத்தோம், வீட்டுக்குள் வீட்டுக்குடையவளை அழைத்து வரவில்லை.

சட்டத்தில் நமக்கு ஒரு வழி திறந்தே இருக்கின்றது. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அரசமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டிய செய்திகளை அவ்வட்டார மொழியைக் கருத்திற் கொண்டு பரப்புதல் வேண்டும் என்று 4-ஆம் பிரிவில் ஆணையிடுகின்றது. வேண்டுகோளையும் அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று 6-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆவணத்தை நேரிற் பார்வையிடும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. அரசுடைமை எண்ணெய் நிறுவனங்களும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. தனியார் நிரப்பகங்களின் ஏடு நேரே கிடையாது எனினும், அவற்றுக்கு ஆட்சியர் தந்த சான்றும் உரிமக் கோப்பும் கிடைக்கும். இவ்வழியில் நாம் எத்தனை முறை நடந்துள்ளோம்?

தடை கூறுவார்க்கு விடை

தொழில்நுட்பச் செய்திகளைத் தமிழில் எழுதச் சொல் இல்லை என்பர் சிலர். சொல் இல்லாதது தமிழிலன்று, அவர்கள் நினைவில். ஆங்கில ஏட்டில் ஒரே சொல்லால் எழுதப்படும் கசிவைத் தமிழன் எத்தனை நிலைகளாகப் பிரித்தறிந்தான் என்று பாருங்கள். சுவர் ஈரம் காட்டினால் பொசிதல். துளி திரண்டால் கசிதல். அடியிலிருந்து மேல்வந்தால் ஊறுதல். துளி விட்டுவிட்டு வீழ்ந்தால் சொட்டுதல். இழையாக இறங்கினால் ஒழுகுதல். அழுத்தத்தால் வெளிப்பட்டால் பீறிடுதல். நிரப்பகத்தில் வேலைசெய்யும் இளைஞன் இவ்வாறு சொற்களையும் தாய்மடியிற் கற்றவன். இருப்பு, வரவு, விற்பனை, குறைவு, நீர்மட்டம் என்னும் ஐந்து சொற்களால் நாளேடு முழுதும் எழுதி முடியும். அவ்வேட்டுக்குக் கசிவேடு என்று பெயரிடுவோம். அளவுகோலைப் பிடிக்கும் கைக்குரிய மொழியில் எழுதினால் பிழையும் குறையும்.

மக்கள் அஞ்சிக் கலவரமடைவர் என்பர் வேறு சிலர். அறியாமையே அச்சத்தை வளர்க்கும். சுன்னாகத்தில் இரு முரண்பட்ட ஏடுகள் மக்களை அலைக்கழித்ததைக் கண்டோம். திறந்த ஏடு ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால் அவ்வலைச்சல் இராது. மேலும், கசிவில்லை என்று காட்டும் ஏடு நேர்மையான நிரப்பகத்தாருக்கே காப்பு. கசியாத தொட்டிக்குடையவர் ஏட்டை ஏன் மறைக்க வேண்டும்?

வாணிக மறை வெளியாகும் என்பார்க்கு விடை இது: விற்பனைக் கணக்கை எவரும் கேட்கவில்லை. தொட்டியின் அகவை, அதன் கொள்ளளவு, கடைசியாக ஆய்ந்த நாள், திங்கள்தோறும் காணப்பட்ட குறைவு, கசிந்திருந்தால் செய்த துப்புரவு ஆகிய இவற்றையே கேட்கின்றோம். தரைக்கு மேல் உள்ள வாணிகம் அவருடையது. தரைக்கடியில் ஓடும் நீர் ஊருடையது.

கணக்கை ஊருக்குக் காட்டுதல் தமிழ்நிலத்துக்குப் புதிய வழக்கமும் அன்று. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரிற் கல்லில் வெட்டிய ஆவணங்கள், ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பணிக்கு வர இயலாது என்பது அங்கு விதி. அது பார்ப்பனர் ஊரவை. எல்லா மக்களுக்கும் இடந்தந்த அவையன்று. அக்குறையை நாம் ஒப்புக்கொள்வோம். ஆயினும் நீரைக் காப்பவன் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் நெறி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்குக் கல்லில் ஏறியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று இன்று பெயர் தாங்கி நிற்கும் அமைப்பு, தன் பெயரின் பின்பாதியை அந்த ஏரி வாரியத்திடமிருந்து பெற்றது. பெயரைப் பெற்றவர் கடனையும் பெறுதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

தமிழக அரசு 2022 முதல் ஊரவைக் கூட்டங்களை ஆண்டுக்கு ஆறாகப் பெருக்கியது. கிராம சபை என்று அரசு வழங்கும் அவ்வூரவை மார்ச்சு 22 ஆகிய உலக நீர் நாளிலும் கூடுகின்றது. திண்டுக்கல் வட்டாரத்தின் ஊராட்சிகளிலேயே இப்பணியைத் தொடங்கலாம்.

முதலாவது, தம் எல்லைக்குள் உள்ள நிரப்பகத் தொட்டிகளின் பட்டியலை ஊராட்சி கேட்டுப் பெறுதல் வேண்டும். கைவிடப்பட்டு மூடிய நிரப்பகங்களின் தொட்டிகளும் அதில் அடங்குக. ஈயம் கலந்த கன்னெய் 2000-ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் விற்கப்பட்டது. பழந்தொட்டி இருந்த மண்ணில் அதன் எச்சமும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, நிரப்பகம் ஒவ்வொன்றும் கசிவேட்டைத் தமிழில் எழுதி, அதன் சுருக்கத்தை வாயிலிற் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். விலையை நாள்தோறும் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் இதற்கு இடமா இல்லை?

மூன்றாவது, நிரப்பகத்துக்கு அணித்தாக உள்ள கிணறுகளின் நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாரியம் ஆய்ந்து, முடிவைத் தமிழில் ஊரவையிற் படித்தல் வேண்டும். நீரில் கன்னெய் நாற்றம், மேலே வண்ணப்படலம், சுவை மாற்றம் ஆகியவற்றைக் கண்டோர் உடனே எழுதிக் கொடுக்கவும், கொடுத்ததற்குச் சான்று பெறவும் வழி இருத்தல் வேண்டும்.

நான்காவது, தமிழுணர்வாளர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு நிரப்பகத்தைப் பற்றியேனும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தமிழில் வேண்டுகோள் எழுதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் விடை வந்தால் அதனைத் தமிழில் தருமாறு மீண்டும் எழுதுக. மேல்முறையீட்டையும் தமிழிலேயே எழுதுக. மேடையில் தமிழ் வாழ்க என்று நூறு முறை முழங்குவதினும், அரசின் கோப்பில் ஒரு முறை தமிழை ஏற்றுவது வலியது.

பேகம்பூரிலும் பொன்மாந்துறையிலும் தோற்கழிவு நீரைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கெட்ட பின்னரே எண்ணினோம். எண்ணிய பின்னரே வழக்கிட்டோம். தீர்ப்பு வந்த பின்னரும் அக்கிணறுகள் பழைய நீரைத் தரவில்லை. எண்ணெய்த் தொட்டிகளைப் பொறுத்தவரை இன்னும் காலம் இருக்கின்றது. வரும் மார்ச்சு 22-இல் உங்கள் ஊரவைக்குச் செல்லுங்கள். நம் ஊர் எல்லைக்குள் எத்தனை தொட்டிகள் புதைந்துள்ளன, அவற்றின் கசிவேடு எங்கே, அது தமிழில் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். கேட்டதையும், கிடைத்த விடையையும், விடை கிடையாமையையும் தீர்மான ஏட்டில் எழுதச் செய்யுங்கள். அதுவே அவ்வூரின் முதற் கசிவேடாக அமையட்டும்.